இடது பெடல்

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

மூன்று வருடம் கழித்து எழுதுகிறேன். நலமா என்று ஆரம்பித்தால் நீ கடிதத்தை மடித்து வைத்துவிடுவாய் என்று தெரியும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். சைக்கிள் இழுக்கவில்லை.

நீயும் உன் அத்தானும் பின்னறையில் உட்கார்ந்து செய்தீர்களே, அதே மின்சார சைக்கிள்தான். அதே முப்பத்தாறு வோல்ட் பேட்டரி. நீ போன பிறகு அவர், மோட்டாரை ஆட்டிவைக்கும் அந்தக் கருகிப்போன கண்ட்ரோலரைக் கழற்றி எறிந்துவிட்டு, அதே அளவில் வேறொன்றை மாட்டினார். பெடல் அச்சுக்குள் ஒரு சென்சாரும் வைத்தார். கால் எவ்வளவு அழுத்துகிறது என்று அது அளந்து சொல்லும், அதற்கு ஏற்றபடி மோட்டார் உதவும். "த்ராட்டிலைத் திருகிட்டு சும்மா உட்கார்ந்து போறது எனக்குப் பிடிக்காது. கால் ஒரு பங்கு, மோட்டார் ரெண்டு பங்கு. அதுதான் மரியாதை" என்பார்.

ஒரு மாதமாக மேட்டுத் தெருவில் பாதியிலேயே நின்றுவிடுகிறது. அவர் வேலை பார்க்கும் பல் செட் கூடம் அந்த மேட்டின் உச்சியில்தானே இருக்கிறது. இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறார். சைக்கிள் கடைக்காரர் "நாப்பத்தெட்டு வோல்ட் போடுங்க சார், பறக்கும்" என்றாராம். இவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். வீட்டுக்குள் நுழைந்ததும், "நாப்பத்தெட்டுங்கிற பேச்சு இந்த வீட்டுல வேண்டாம்" என்றார். உன் பெயரை அவர் சொல்வதில்லை. சொல்ல வேண்டி வந்தால் 'அந்த நாப்பத்தெட்டு' என்பார். அவ்வளவுதான் உனக்கு இங்கே பெயர்.

நீ இருக்கும் சுரங்கப்பாதை வேலைத்தளத்தில் போன் எடுக்காதாம். வாரம் ஒருமுறை சாமான் வண்டியில் தபால் போகும் என்று உன் கம்பெனி ஆபீஸில் சொன்னார்கள். அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். பதிலைத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்து விலாசத்துக்கே அனுப்பு. என் மேஜை இன்னும் அதே ஜன்னலோரம்தான்.

அக்கா

பிப்ரவரி 23

அக்கா,

எனக்கு உன்ன மாதிரி எழுத வராது. பேசுறதையே எழுதுறேன், திருத்தாம படி.

கடைக்காரன் சொன்னதக் கேக்காதீங்க. வோல்ட் ஏத்தினா வேகம்தான் கூடும். மேடு ஏறணும்னா ஆம்பியர் வேணும். இத அத்தான் அன்னைக்கே சொன்னார். நான் என்ன சொன்னேன்னா, அதே பவருக்கு நாப்பத்தெட்டுல ஆம்பியர் கம்மியாப் போகும், ஒயர் சூடாகாதுன்னு. ரெண்டுமே சரிதான். ரெண்டு பேரும் சரியாப் பேசினா சண்டை எப்படி முடியும்?

முதல்ல பேட்டரியப் பாரு. முழுசா சார்ஜ் ஏறினதும் நாப்பத்திரண்டுக்குப் பக்கத்துல காட்டணும். மேட்டுல முப்பத்திநாலுக்குக் கீழ இறங்கக் கூடாது. அது சரியா இருந்தா, டிஸ்ப்ளேல மேல் பட்டனையும் கீழ் பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடி. உள்ள ஒரு பட்டியல் வரும். அதுல எட்டாவது, பெடல் சென்சாரோட உணர்வு அளவு. மூணுல இருக்கும். அஞ்சா மாத்து. கால் லேசா அழுத்தினாலும் மோட்டார் நிறையக் குடுக்கும்.

அன்னைக்கு அடிபட்ட இடது முழங்கால் எப்படி இருக்கு? அத மட்டும் ஒரு வரி எழுது.

தம்பி

மார்ச் 12

அன்புள்ள தம்பிக்கு,

சார்ஜ் முடிந்ததும் 41.8. மேட்டில் 37 வரை இறங்கியது என்று அவரே சொன்னார். பேட்டரியில் குறை இல்லை. அவர் குளித்துக்கொண்டிருந்தபோது மூன்றை ஐந்தாக்கினேன். மாலையில் சீட்டியடித்துக்கொண்டு வந்தார். "சைக்கிளுக்கு இப்பத்தான் புத்தி வந்திருக்கு" என்றார். "சிலதுக்கு லேட்டாத்தான் வரும்" என்றேன்.

முழங்கால் ஆறி வெகுகாலம் ஆகிறது. ஆனால் கொஞ்ச நாளாகப் படியேறும்போது இடது காலை இழுக்கிறார். கேட்டால், "இது நாப்பத்தெட்டு குடுத்த பரிசு" என்று சிரிக்கிறார். இதை எழுதாமல் விட்டிருக்கலாம். விட மனம் வரவில்லை. அன்றைக்கு அவரை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டு நான் திரும்பி வந்தபோது உன் அறை காலியாக இருந்தது. கொடியில் உன் ஈரச் சட்டை மட்டும் தொங்கியது. அதை நான்தான் காயவைத்து, மடித்து வைத்தேன். இப்போதும் இருக்கிறது. தூக்கிப் போடவும் தோன்றவில்லை, உனக்கு அனுப்பவும் தோன்றவில்லை.

அக்கா

மார்ச் 27

அக்கா,

ஆஸ்பத்திரிக்கு நான் வந்தேன். வராண்டா வரைக்கும். கதவு கண்ணாடி வழியாப் பார்த்தா நீ அவர் கட்டுப்போட்ட காலப் பிடிச்சிட்டு உட்கார்ந்திருந்த. அப்படியே திரும்பிட்டேன்.

அவருக்குச் சொல்லாமத்தான் நாப்பத்தெட்டு வோல்ட் பேட்டரிய மாட்டினேன். மேட்டு உச்சியில நின்னுட்டு, "இப்பச் சொல்லுங்க அத்தான், எது நல்லா இருக்கு?"ன்னு கேக்கணும். அவ்வளவுதான் ஆசை. அந்தக் கண்ட்ரோலர்ல இருந்த கெப்பாசிட்டர் அம்பது வோல்ட்டுக்கு மேல தாங்காது. நாப்பத்தெட்டுன்னு பேர்தானே தவிர, முழு சார்ஜ்ல அம்பத்திநாலு இருக்கும். இத நான் பார்க்கல. படிச்சவன், தொழில் தெரிஞ்சவன், மூடியத் திறந்து ஒரு தடவ பார்க்கல. வெடிச்சுது, சக்கரம் இறுகிச்சு, அவர் ரோட்டுல.

உணர்வு அளவு பத்து வரைக்கும் ஏத்தலாம். அந்தக் கால் கொஞ்சம் பலவீனமாத்தான் இருக்கும். தேவைப்படும்போது ஒவ்வொண்ணா ஏத்திக்கோ. என்னக் கேக்க வேண்டாம்.

சட்டையத் தூக்கிப் போடு.

தம்பி

ஜூன் 18

அன்புள்ள தம்பிக்கு,

நீ சொன்னபடி உன்னைக் கேட்காமலே ஏற்றினேன். ஏப்ரல் தொடக்கத்தில் ஆறு. அந்த மாதக் கடைசியில் ஏழு. மே மாதத்தில் இரண்டு முறை. நேற்றோடு பத்து முடிந்துவிட்டது. இனி ஏற்ற எண் இல்லை.

ஒவ்வொரு முறை மாற்றியதும் நாலைந்து நாள் நன்றாகப் போகும். பிறகு பழையபடி ஆகிவிடும். இப்போது வேறொரு கோளாறும் சேர்ந்திருக்கிறது. வலது பெடல் கீழே போகும்போது சைக்கிள் பாய்கிறது. இடது பெடல் வரும்போது மோட்டார் செத்துவிடுகிறது. பாய்ச்சல், சாவு, பாய்ச்சல், சாவு. தெருவில் அவர் போவதைப் பின்னாலிருந்து பார்த்தேன். சைக்கிளே நொண்டுகிறது.

நேற்று ஒருவருக்குப் பல் செட் பொருத்திவிட்டு அரை மணி நேரம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாராம். "வெயில்" என்றார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

அக்கா

ஜூலை 1

அக்கா,

இடது பக்கம் மட்டும் போகுதுன்னா சென்சார்தான். சிலது அப்படித்தான், ஒரு பக்கம் செத்துடும். புதுசு ஒண்ணு ஆர்டர் போட்டுட்டேன், அடுத்த வண்டியில இங்க வந்துடும். எதுக்கும் உறுதி பண்ணிக்கலாம்.

உங்க கூடத்துல மல்டிமீட்டர் இருக்கும்ல? சென்சார்ல இருந்து வர்ற பச்சை ஒயர்லயும் கறுப்பு ஒயர்லயும் வை. யாரும் மிதிக்காதப்ப ஒன்றரை வோல்ட் மாதிரி காட்டும். பத்து லிட்டர் தண்ணி கேன் ஒண்ண எடு. இடது பெடல முன்னால படுக்க வச்சு, பிரேக்க இறுக்கிப் பிடிச்சு, கேனத் தொங்கவிடு. அளவு எழுது. அதே கேன வலது பக்கம் தொங்கவிட்டு எழுது. ரெண்டும் ஒண்ணா இல்லேன்னா சென்சார் போச்சு. அப்புறம் அத்தான உட்கார வச்சு, ஒவ்வொரு காலாலயும் முடிஞ்ச மட்டும் அழுத்தச் சொல்லி அதையும் எழுது.

ரெண்டு நாள்ல கழட்டி மாட்டிடலாம். கவலப்படாத.

தம்பி

ஜூலை 20

அன்புள்ள தம்பிக்கு,

நான் தண்ணீரைச் சோதிக்கிறவள். எந்த அளவையும் இரண்டு முறை எடுக்காமல் எழுத மாட்டேன். இதை மூன்று முறை எடுத்தேன்.

அவரிடம் ஆபீஸ் இன்ஜினியர் ஒருவர் சொல்லிக்கொடுத்தார் என்றேன். "அந்த இன்ஜினியர் பேரு நாப்பத்தெட்டா?" என்றார். நான் ஒயரைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். அவர் வந்து சீட்டில் ஏறி, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

யாரும் மிதிக்காதபோது 1.5. கேன் இடது பெடலில், 1.9. கேன் வலது பெடலில், 1.9.

அவருடைய வலது கால், 2.6.

இடது கால், 1.7.

"இன்னும் நல்லா அழுத்துங்க" என்றேன்.

"அழுத்திட்டுத்தான் இருக்கேன்."

முள் நகருமா என்று பார்த்தேன். இது முள் இல்லாத மீட்டர் என்பதுகூட அப்போது உறைக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். நெற்றியில் நரம்பு புடைத்திருந்தது. அவ்வளவு முயற்சியும் பத்து லிட்டர் தண்ணீரைவிட இலேசாக இருந்தது. "என்ன காட்டுது?" என்றார். "சரியாத்தான் காட்டுது" என்றேன். நான் சொன்னதில் பொய் இல்லை.

அவர் உள்ளே போன பிறகு நானும் ஏறி என் இடது காலால் அழுத்திப் பார்த்தேன். 2.4.

புது சென்சார் அனுப்பாதே.

அக்கா

ஆகஸ்ட் 3

அக்கா,

உடனே டாக்டரப் பாருங்க. நல்ல டாக்டரா.

விழுந்த கால்னு நெனச்சேன். என்னால வந்த பலவீனம், அத நானே ஈடு கட்டலாம்னு நெனச்சேன். அதனாலதான் ஏத்து, ஏத்துன்னு எழுதினேன். கால் கொறயக் கொறய மோட்டாரக் கூட்டிட்டே போனோம். அவருக்கும் தெரியல, உனக்கும் தெரியல. அஞ்சு மாசம். நான் பண்ணினது உதவி இல்ல அக்கா, மேல ஒரு மூடி போட்டு வச்சிருக்கேன்.

லீவு கேட்டேன். இங்க பம்புக்கு ரெண்டே எலெக்ட்ரீஷியன். இன்னொருத்தன் கை உடைஞ்சு ஊருக்குப் போயிட்டான். பம்பு நின்னா நாலு மணி நேரத்துல உள்ள தண்ணி ஏறிடும். உள்ள அறுபது பேர் வேலை செய்யுறாங்க. மேனேஜர் கையெடுத்துக் கும்பிடுறார். அவர் கெட்டவரா இருந்தா சண்ட போட்டுட்டு வந்திருப்பேன்.

ஒண்ணு மட்டும் கேக்குறேன். அன்னைக்கு விழுந்ததாலயா? ஆமான்னா ஆமான்னு எழுது. சுத்தி வளைக்காத.

தம்பி

செப்டம்பர் 14

அன்புள்ள தம்பிக்கு,

இல்லை.

டாக்டரிடம் இரண்டு முறை கேட்டேன். விழுந்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றார். இது நரம்பு. மூளையிலிருந்து தசைக்குப் போகிற நரம்பு ஒவ்வொன்றாகச் செயலிழக்கிறதாம். இடது காலில் தொடங்கியிருக்கிறது. இடது கை விரல்களிலும் வந்துவிட்டதாம், அதை நாங்கள் கவனிக்கவில்லை. நிறுத்த மருந்து இல்லை. வேகத்தைக் கொஞ்சம் குறைக்க ஒரு மாத்திரை இருக்கிறது.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டாக்டரிடம் சொன்னார், "அப்போ கண்ட்ரோலர் நல்லா இருக்கு, மோட்டாரும் நல்லா இருக்கு, நடுவுல ஒயர் போகுது." டாக்டர் நிமிர்ந்து பார்த்து, "நான் அரை மணி நேரமாச் சொன்னத நீங்க ஒரு வரில சொல்லிட்டீங்க" என்றார். இருவரும் சிரித்தார்கள். எனக்கு இருவரையும் அடிக்க வேண்டும்போல் இருந்தது.

முன்பே வந்திருந்தால் என்று நான் ஆரம்பித்ததுமே டாக்டர், "பெருசா எதுவும் மாறியிருக்காதும்மா" என்றார். அது உண்மையா, என் முகத்தைப் பார்த்துச் சொன்னதா, தெரியவில்லை. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

நீ உன்னைத் திட்டிக்கொள்கிறாய். பட்டனை அழுத்தியவள் நான். ஒரு கிணற்றுத் தண்ணீரில் மாதாமாதம் ஒரு எண் இப்படி ஏறியிருந்தால் மூன்றாம் மாதமே கிணற்றை மூடச் சொல்லி எழுதியிருப்பேன். அவர் குளியலறையில் பாடிக்கொண்டிருப்பார், நான் வெளியே நின்று ஆறை ஏழாக்கிக்கொண்டிருப்பேன். ஏழை எட்டாக்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் உன்னிடம்தான் சொல்ல முடியும்.

வேலைக்குப் போகிறார். இடது கையில் பல் அச்சைப் பிடித்துக்கொள்ள ஒரு கவ்வி செய்திருக்கிறார். மேட்டில் தள்ளிக்கொண்டு போக இனி முடியாது. நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். "கால் இல்லாம ஓட்டுற மாதிரி ஏதாவது பண்ண முடியுமான்னு கேளு" என்றார். யாரைக் கேட்பது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அக்கா

செப்டம்பர் 28

அக்கா,

பார்சல்ல மூணு சாமான் இருக்கு. கட்டைவிரல் த்ராட்டில் ஒண்ணு, வலது கைப்பிடிக்கு. மூணு ஒயர்தான், சிவப்பு, கறுப்பு, பச்சை, நிறம் பார்த்து நிறத்தோட சேரு. கால் வைக்க ரெண்டு தட்டு. அப்புறம், பிரேக் பிடிச்சதும் மோட்டார நிறுத்துற ஒயர். அத மறக்காம மாட்டு. கண்ட்ரோலர்ல ஆம்பியரப் பதினஞ்சுல இருந்து பத்தாக் குறை. மெதுவாக் கிளம்பும், மெதுவா ஏறும், ஆனா தூக்கி அடிக்காது.

வோல்ட்டு அதேதான். முப்பத்தாறுதான்.

இன்னொண்ணு சொல்லணும். என் கட்டிலுக்கு அடியில ஒரு நாப்பத்தெட்டு பேட்டரி இருக்கு. இங்க ஒவ்வொரு செல்லா அளந்து, சேர்த்து, நானே கட்டினது. கூடவே அதுக்கேத்த நல்ல கண்ட்ரோலர். லீவுக்கு வரும்போது அத்தான் கையில குடுத்து, "இப்பவாவது ஓட்டிப் பாருங்க"ன்னு சொல்லணும்னு ரெண்டு வருஷமா வச்சிருக்கேன். தினமும் துடைக்கிறேன். என்ன பண்றதுன்னு தெரியல.

தம்பி

நவம்பர் 25

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய த்ராட்டில் ஐந்து வாரம் அவரைத் தனியாகக் கொண்டுபோய்த் தனியாகக் கொண்டுவந்தது. அந்த ஐந்து வாரமும் சாப்பாட்டுப் பையை அவரே மாட்டிக்கொண்டு, வாசலில் திரும்பிப் பார்க்காமல் போனார். அதற்காக உனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

பிறகு இறங்கும்போது சாய ஆரம்பித்தார். லேத் பட்டறைக்காரர் பின்சக்கரத்துக்கு இருபுறமும் சின்னச் சக்கரம் வைத்துக் கொடுத்தார். "ஸ்கூலுக்குப் போற மாதிரி இருக்கு, பைக்குள்ள சிலேட்டு வச்சியா?" என்றார் உன் அத்தான். போன வாரம் வலது கட்டைவிரலும் த்ராட்டிலை அழுத்தவில்லை. முதலாளி வீட்டுக்கு வந்து, "நீங்க எப்ப வேணா வரலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படியென்றால் என்ன பொருள் என்று எங்கள் மூவருக்கும் தெரியும்.

நேற்றுக் காலை, கடைசியாக ஒருமுறை போய்த் தன் கருவிகளை எடுத்து வர வேண்டும் என்றார். ஆட்டோ வேண்டாம், சைக்கிளில்தான் என்றார். யார் ஓட்டுவது என்று நான் கேட்கவில்லை. டிஸ்ப்ளேயில் கீழ் பட்டனை அழுத்திப் பிடித்தால் சைக்கிள் தானாக நடை வேகத்தில் போகும், வண்டியைத் தள்ளுகிறவர்களுக்காக வைத்தது, என்று அவரே சொல்லிக்கொடுத்தார். அவர் சீட்டில். கால்கள் நீ அனுப்பிய தட்டில். என் வலது கை அவர் முதுகில், இடது கை கைப்பிடியில், கட்டைவிரல் பட்டனில். விட்டால் நின்றுவிடும். அதனால் விடவில்லை.

மேட்டுத் தெரு முழுக்க அப்படியே நடந்தோம். சைக்கிள் கடைக்காரர் எழுந்து நின்றார். இவர் அவரைப் பார்த்து, "பறக்குது பாருங்க" என்றார். பாதி வழியில், வழக்கமாக நிற்கும் இடத்தில், என் கை தானாக இறுகியது. மோட்டார் ஒரே சீராக ஏறிக்கொண்டிருந்தது.

உச்சிக்கு வந்ததும் டிஸ்ப்ளேயைக் காட்டச் சொன்னார். 38.2.

"பாத்தியா? முப்பத்தாறே போதும்னு அவன்கிட்ட சொன்னேன்ல" என்றார்.

மூன்று வருடத்தில் உன்னை எண்ணாகச் சொல்லாமல் 'அவன்' என்றது இதுதான் முதல் தடவை. அவருக்கு அது தெரிந்ததா என்று தெரியவில்லை. நான் காட்டிக்கொள்ளவில்லை. கருவிகளைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு அதேபோலத் திரும்பி வந்தோம். வீட்டுக்கு வந்து வெகுநேரம் என் கட்டைவிரல் நிமிரவே இல்லை.

அக்கா

டிசம்பர் 8

அக்கா,

ஜனவரி கடைசியிலதான் மாத்து ஆள் வர்றான். அதுக்கு முன்னால வர வழியே இல்ல. எல்லா வழியும் கேட்டுப் பார்த்துட்டேன்.

நாப்பத்தெட்டப் பிரிச்சுட்டேன். சுரங்க வாசல்ல கரண்ட் போனா எரியுற விளக்குக்கு அந்த செல்லெல்லாம் போயிடுச்சு. அங்க நல்லா எரியுது.

இத்தோட ஒரு பெரிய பட்டன் வருது. உள்ளங்கையாலயே அழுத்தலாம், கட்டைவிரல் வலிக்காது. நீ எந்தப் பக்கமா நடக்கிறியோ அந்தப் பக்கத்துக் கைப்பிடில மாட்டு. கைய எடுத்தா மோட்டார் நிக்குதான்னு மொதல்ல வீட்டு வாசல்ல, அவர் ஏறாதப்ப, மூணு தடவ பாரு. மூணு தடவ.

அந்தச் சட்டையத் தூக்கிப் போடலேன்னா வச்சிரு.

அத்தான்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லாத. கேட்டா, அவர் ஏதாவது ஜோக் அடிச்சு முடிச்சுடுவார். முப்பத்தாறே போதும்னு நான் சொன்னதா மட்டும் சொல்லு.

தம்பி